மெழுகு பூசிய சுண்டெலி

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளைப் பொம்மைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பணி ஆணையில் மாதிரி வடிவமைப்பாளர், தற்காலிகம் என்று நீட்டி முழக்கியிருந்தார்கள். அதைச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் டீ ஆறிவிடும். களிமண்ணிலும் ஃபைபரிலும் அவள் செய்து வைத்த முதலையைப் பார்த்து, கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அதற்குமேல் ஒரு நற்சான்று எதற்கு?

அவளுக்கு நாலு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே பெரிய வேலையொன்றை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். பெரிய வேலை என்றால் மெய்யாகவே பெரியது. நடுக்கூடத்தில் ஒரு பக்கம் அசல் அளவில் ஒரு தாய்த் திமிங்கலம். அதற்கு எதிரே கன்றுக்குட்டி அளவுக்குப் பெருக்கிய ஒரு சுண்டெலி. சுண்டெலியின் உண்மையான அளவு தெரிய வேண்டுமென்று பக்கத்திலேயே உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இன்னொன்று. மேலே, ‘பாலூட்டிகள்: சிறியதும் பெரியதும்’ என்று கூடத்தின் அகலத்துக்கு ஒரு பலகை. ஒன்று அரிசி மூட்டைக்குள் ஒளிகிறது, இன்னொன்று கடலை இரண்டாகப் பிளக்கிறது, ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும். இரண்டுக்கும் சூடான இரத்தம். இரண்டின் கழுத்திலும் ஏழே எலும்பு. எலிக்கு உடம்பெல்லாம் முடி என்றால் திமிங்கலக் குட்டிக்கும் மூக்கோரம் பேருக்கு நாலு முடி. இரண்டும் குட்டி போட்டுப் பால் கொடுத்து வளர்ப்பவை.

இந்த யோசனை இயக்குநருடையது. ஒல்லியான மனிதர். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘தொடாதே’. அவர் பதவிக்கு வந்த கையோடு கூடத்தில் இருந்த ஒவ்வொரு பொருளின் கழுத்திலும் ‘தொடாதே’ என்று ஒரு பலகையை மாட்டினார். தொடாதீர்கள் என்று மரியாதையாக எழுதக்கூடாதா என்று அங்கே வேலை பார்த்த தச்சர் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். மரியாதை கொடுத்தால் தொட்டுவிடுவார்கள் என்று பதில் வந்தது. அவரே எந்தப் பொருளையும் கையுறை போடாமல் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

ஆனால் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. திமிங்கலம் என்று வாயெடுத்தால் போதும், அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கிருந்தோ ஒரு பையன் எழுந்து வந்துவிடுவான். மணிக்கணக்கில் பேசுவார். படிக்கிற காலத்தில் கரையொதுங்கிய ஒன்றை அளக்கப் போனாராம். நாடாவை விட்டுவிட்டு அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தடுமாறும். அதனால்தான் பொம்மைக்காரிக்கு அவர்மேல் முழுசாகக் கோபப்பட முடிந்ததில்லை.

கோபப்பட நியாயம் இல்லாமல் போகவில்லை. அவள் வீடு அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. கணவன் வெளியூர் லாரி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒருநாள் முகம் காட்டினால் அதிகம். நாத்தனார் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். தங்கமான பெண். ஆனால் குழந்தை புட்டியை வாயில் வைக்க விடவில்லை. எத்தனையோ விதமான புட்டி, எத்தனையோ விதமான ரப்பர், கரண்டி, சங்கு எல்லாம் பார்த்தாயிற்று. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைத் திருப்பி, ஊரைக் கூட்டுகிறது. அம்மாவிடம் மட்டும்தான் குடிக்கும். ஆகவே பொம்மைக்காரி முதலில் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வேலையும் நின்றதில்லை, குழந்தையும் அழுததில்லை.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ‘தொடாதே’ ஒரு ஆணை போட்டார். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, ஆகவே காலையில் உள்ளே வந்தவர்கள் மாலைவரை வாசலைத் தாண்டக்கூடாது. குழந்தையை இங்கே கொண்டுவரலாமா என்றால் பட்டறை முழுக்க ஃபைபர் பசையின் நெடி, பெரியவர்களுக்கே தொண்டை எரியும். அதில் அவர் சொன்னது சரிதான். வேறு வழியில்லாமல் அவள் அவர் அறைக்குப் போய் நின்றாள்.

“சார், பதினொரு மணிக்கு ஒரு தடவை மட்டும் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். குழந்தைக்கு...”

அவர் சட்டென்று கூரையைப் பார்த்தார். “புட்டியில குடுக்கச் சொல்லும்மா. மூணு வாரம்தானே.”

“குடிக்க மாட்டேங்குது சார்.”

“பழகிடும், பழகிடும்” என்று சொல்லி, நேராகவே இருந்த ஒரு படத்தை மறுபடி நேராக்கினார். காது மடல் சிவந்துபோயிருந்தது.

மிச்சத்தை அவள் எப்படிச் சொல்வாள்? மார் கட்டிக்கொண்டு கல்லாகிறது, அங்கே குழந்தை அழுகிற நேரம் இங்கே தானாக ஊறிச் சட்டை நனைகிறது என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆண்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? அவளுக்கும் வாய் வரவில்லை, அவருக்கும் காது வரவில்லை. இரண்டு பேருடைய கூச்சத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு குழந்தை காய்ந்தது. அடுத்த வாரம் எடை பார்த்த நர்ஸ், போன தடவை பார்த்ததிலிருந்து எடை ஏறவே இல்லையே என்று இவள் முகத்தைப் பார்த்தாள். கண்காட்சி நன்றாக நடந்தால் பொம்மைக்காரிக்கு வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு இருந்தது. இருந்தால் என்ன? திறப்பு விழாவோடு வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று அன்று பேருக்கு நாலு வாய் சாப்பிட்டுக்கொண்டே நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அழுகை வந்தது. களிமண்ணைத் தொட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலையில் ஆசையும் கிடையாது.

இதற்கிடையில்தான் சுண்டெலி விவகாரம். அவள் செய்திருந்த தாய் எலி ஒருக்களித்துப் படுத்திருந்தது. வயிற்றில் இரண்டு வரிசையாகப் பத்துக் காம்புகள். கண் திறக்காத, முடி முளைக்காத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. தச்சர் வந்து பார்த்துவிட்டு, “தங்கச்சி, இதுங்க சப்புற சத்தம்கூடக் கேக்குது” என்றார். அவருக்குப் பாராட்ட வருவது அபூர்வம்.

‘தொடாதே’ வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த... கீழே இருப்பதெல்லாம் வேண்டாம், தேய்த்து எடுத்துவிடு என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும், சிரிக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி அம்மா வேறு வருகிறார். போன கண்காட்சியில் ஒரு சிலை சரியில்லை என்று எவனோ ஒருவன் மனுப்போட, அதற்கு விளக்கம் எழுதியே தனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது என்றார். குட்டிகளைத் தள்ளிப் போட்டுத் தூங்குகிற மாதிரி வைத்துவிடலாம், வயிறு வழவழவென்று இருக்கட்டும்.

“அப்ப அது எதைக் குடிச்சு வளரும் சார்?” என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. விலகப் போகிற இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்.

அன்று மத்தியானம் தேய்க்கும் கல்லை எடுத்து எலியின் வயிற்றருகே கொண்டுபோனாள். சரியாக அந்த நேரம் பார்த்து இவளுக்குப் பால் சுரந்து, மேலங்கியைத் தாண்டி நனைத்தது. மூன்று மணி. வீட்டில் குழந்தை எழுந்துவிட்டது என்று அர்த்தம். கல்லைக் கீழே வைத்துவிட்டாள். அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். குட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு, அச்செடுக்கப் பயன்படுத்தும் மெழுகைக் காய்ச்சி, காம்புகளைச் சுற்றி நிரப்பி, மேலே மெல்லிய சீலையைப் போர்த்துவது போலப் பூசி, எலியின் நிறத்தையே அடித்தாள். வெளிப்பார்வைக்கு வயிறு வழவழவென்று ஆகிவிட்டது. உள்ளே பத்தும் பத்திரமாக இருந்தன. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பீரோக்களுக்கு நடுவே ஒதுங்கி நின்று, பாலை ஒரு டம்ளரில் பீய்ச்சிக் கழுவு தொட்டியில் ஊற்றினாள்.

திமிங்கலத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அதற்குக் காம்புகள் வெளியே தெரியாது, இரண்டு கீறல் மட்டும்தான். அந்தக் கீறலையும் அவள் செய்திருந்தாள். ‘தொடாதே’ அதையும் பூசி மறைக்கச் சொல்லிவிட்டார். மற்றபடி அது பிரமாதமாக அமைந்தது. உள்ளே கூடான ஃபைபர் உடம்பு, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் தொங்கியது. இதயம் துடிக்கிற ஒலியை வைத்த பெட்டி வயிற்றுக்குள் இருந்தது. ஏதாவது கெட்டுப்போனால் உள்ளே ஏறிப் பார்க்க, கூட்டம் வராத பக்கமாகத் தச்சர் ஒரு சின்னக் கதவும், உள்ளே உட்காரப் பலகையும் வைத்திருந்தார். எலியின் பொத்தானை அழுத்தினால் படபடவென்று எண்ண முடியாத துடிப்பு. திமிங்கலத்தின் பொத்தானை அழுத்தினால் ஒரு ‘தொம்’. அடுத்த ‘தொம்’ வருவதற்குள் ஒரு ஆள் தும்மி, மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

திறப்பு விழா அன்று கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கலைந்து திமிங்கலத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மேலதிகாரி அம்மா நாடாவை வெட்டி, கைதட்டலை வாங்கிக்கொண்டு, இயக்குநரோடு ஒவ்வொரு பலகையாகப் படித்து வந்தார். பொம்மைக்காரி ஒரு தூண் பக்கத்தில் நின்றாள். ராஜினாமா செய்வதை நாளைக்குச் சொல்லலாமா, இன்று மாலையே சொல்லிவிடலாமா என்பதுதான் அவள் கவலை.

அப்போது வாசல் பக்கம் அந்த அழுகுரல் கேட்டது. எத்தனை பிள்ளைகள் கத்தினாலும் தன் பிள்ளையின் குரல் தனியாகக் கேட்கும். நாத்தனார் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள், தோளில் குழந்தை முகம் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது.

“என்னால முடியல அண்ணி. காலைல நீங்க குடுத்ததுதான். புட்டியப் பாத்தாலே மூச்சடக்கி அழுவுறா. எனக்குப் பயமா இருக்கு.”

எங்கே போவது? பட்டறையைப் பூட்டிச் சாவியை இயக்குநர் பையில் போட்டிருந்தார். ஊழியர் அறையில் விருந்தாளிகளின் டீயும் பிஸ்கட்டும். கழிப்பறை வாசலில் பெண்பிள்ளைகளின் நீண்ட வரிசை. வெளியே போகலாம் என்றால் கூட்டத்தைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். பொம்மைக்காரி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தச்சர் பார்த்தார். திமிங்கலத்தின் மறுபக்கம் போய், குனிந்து, அந்தச் சின்னக் கதவைத் திறந்து பிடித்தார்.

“உள்ள போ தங்கச்சி. யாரும் வரமாட்டாங்க.”

அவள் குழந்தையோடு திமிங்கலத்தின் வயிற்றுக்குள் ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே மங்கலான வெளிச்சம், புதுப் பெயின்ட் வாசனை, உட்காரப் பலகை. ஆனால் அவசரத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. கூடான ஃபைபருக்குள் அழுதால் அது அழுகையோடு நிற்காது. குழந்தை ஒரு தடவை வீறிட்டதும் திமிங்கலம் முழுவதும் மத்தளம் போல அதிர்ந்தது. வெளியே சத்தம் சட்டென்று அடங்கியது.

“டீச்சர், திமிங்கலம் அழுவுது” என்றது ஒரு குரல்.

“அது அழுவல, உள்ள குட்டி இருக்கு” என்றது இன்னொன்று.

அவள் பதறிப்போய் ரவிக்கைப் பொத்தானைக் கழற்றினாள். குழந்தை முட்டி, தேடி, பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. அதற்குப் பதிலாக மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம், அதுவும் பெரிதாக. வெளியிலிருந்து காதுகளை ஃபைபரில் ஒட்டவைக்கிற சலசலப்பு கேட்டது. யாரோ பொத்தானை அழுத்தினார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் திமிங்கலத்தின் இதயம் ஒருமுறை ‘தொம்’ என்றது. மேலதிகாரி அம்மா, அது என்ன சத்தம் என்று கேட்பதும், ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு, இதோ பார்க்கிறேன் என்று இயக்குநர் சொல்வதும் அவள் காதில் தெளிவாக விழுந்தன. காலடிச் சத்தம் சுற்றி வந்தது. சார், சார் என்று தச்சர் குறுக்கே பாய்ந்தும் பயனில்லை. கதவு திறந்தது.

‘தொடாதே’ குனிந்து பார்த்தார். இந்தத் தடவை பார்ப்பதற்குக் கூரை இல்லை. அவள் முந்தானையை இழுக்கப் பார்த்தாள், குழந்தையின் கை அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. எழுந்திருக்கவும் முடியாது. தொலைந்தோம் என்று நினைத்தாள். அவர் பார்வை குழந்தையின் தாடையில் நின்றது. அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு வேகமாக, அவ்வளவு பசியோடு. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

இனி நடந்ததையெல்லாம் அவள் சுவரின் இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டாள்.

“கோளாறு இல்லைங்க” என்றார் இயக்குநர். “பசி.”

ஒரு பிள்ளை, உள்ளே இருக்கிற குட்டிக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டது. டீச்சர் அதட்டினார். இயக்குநர், கேட்கட்டும் விடுங்கள் என்றார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும், ஐயோ, இப்போது அந்த... கீழே இருப்பது என்பார் என்று உள்ளே இருந்தவளுக்குத் தோன்றியது. பாவம், அந்த மனிதர் வாய்க்கும் வார்த்தைக்கும் நடுவே மல்லுக்கு நிற்பது ஃபைபரைத் தாண்டித் தெரிந்தது.

“காம்பு” என்றார் கடைசியில். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. “திமிங்கலத்துக்கு ரெண்டே ரெண்டு காம்பு. தண்ணிக்குள்ள வேகமா போகணுமில்ல, அதனால உள்ள மறைஞ்சிருக்கும். குட்டிக்குச் சப்பறதுக்கு நம்மள மாதிரி உதடு கிடையாது. அது வந்து அம்மா வயித்துல முட்டும். அம்மா பாலைப் பீய்ச்சிக் குடுத்துடும். நம்ம பால் மாதிரி தண்ணியா இருந்தா கடல்ல கரைஞ்சு போயிடுமே, அதனால பசை மாதிரி கெட்டியா இருக்கும். அந்த அம்மா மாசக்கணக்கா ஒண்ணும் சாப்பிடாம, பிள்ளைக்கு மட்டும் குடுத்துக்கிட்டே நீந்தும்.”

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த ஒல்லி உடம்புக்குள்ளிருந்து பையன் வந்துவிட்டான். எலிக்கு எத்தனை சார் என்று யாரோ கேட்டார்கள். எலிக்குப் பத்து என்றார்.

“இந்த எலிக்கு ஒண்ணுமே இல்லியே சார்?”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி குடித்தது.

“இருந்துச்சு” என்றார் இயக்குநர். “நான்தான் எடுக்கச் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்.”

மேலதிகாரி அம்மா மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். அதற்கு அவர், உள்ளே இருப்பது நம் பொம்மைக்காரம்மா, இந்தக் கூடத்தில் இருக்கிறதெல்லாம் அவள் கைவேலை, மூன்று வாரமாக அவள் குழந்தையைப் பட்டினி போட்டது நான் என்று நேராகச் சொன்னார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை அவர் முன்னாலேயே கேட்டிருக்கலாம், இவளும் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். என்ன செய்வது, சில பேச்சுக்கு நடுவில் ஒரு திமிங்கலம் தேவைப்படுகிறது.

கதவில் ஏதோ மாட்டுகிற சத்தம் கேட்டது.

குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு, வாயோரம் பால் வழிய உறங்கிப்போனது. உடையைச் சரிசெய்துகொண்டு அவள் கதவைத் தள்ளி இறங்கினாள். கதவில் ஒரு ‘தொடாதே’ பலகை தொங்கியது. எதிரே இருந்த முதலையின் கழுத்து வெறுமையாக இருந்தது. அதன் முன்னால் இயக்குநர் முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டிப் பார்க்க வந்த பிள்ளைகளைக் கையை விரித்துத் தடுத்துக்கொண்டு நின்றார். நாத்தனார் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“நிறைஞ்சுதாம்மா?” என்றார் அவர், திரும்பாமலே.

“தூங்கிட்டா சார்.”

“நாளையிலேருந்து பதினொரு மணிக்கும் மூணு மணிக்கும் வீட்டுக்குப் போயிட்டு வா. போக முடியாத அன்னிக்கு இந்தப் பலகை இங்கதான் தொங்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எலிய எப்படியாவது மறுபடி சரி பண்ணிட முடியுமா? தேய்ச்சு எடுத்தாச்சே” என்றார். அவர் முகத்தில் இருந்த வருத்தம் அசல்.

அவள் கூட்டத்தை விலக்கிச் சுண்டெலியிடம் போய்க் குந்தி, வயிற்றில் ஓரிடத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். மெழுகு தோல் போல உரிந்து வந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் ஓவென்று ஒரு சத்தம் போட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை.

‘தொடாதே’ கால்சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையுறை இல்லாத விரலை எலியின் வயிற்றில் வைத்தார்.

“இன்னும் ஒன்பது இருக்கு இல்ல?” என்று கேட்டுவிட்டு, நகத்தால் மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தார்.